தமிழ் தெரியாதவள்

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. களுதாவளைக்கு முன்னே என்றோ பின்னே என்றோ வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு தார் ரோட்டு, ரோட்டின் இரண்டு பக்கமும் நாங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே ஒரு பாலர் பாடசாலையில் நான் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்குடாப் பக்கம் ஒரு ஹோட்டலில் ஆடுகிறவள். என்ன ஆட்டம் என்று கேட்பீர்கள். பரதநாட்டியம் இல்லை. உடுப்புக் குறைந்த ஆட்டம். இவ்வளவு சொன்னால் போதும், மிச்சத்தை நீங்களே நிரப்பிக்கொள்வீர்கள், அந்த விஷயத்தில் எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான்.

ஆட்டத்தைப் பள்ளிக்கூடத்திடம் மறைத்தேன் என்று சொல்லவே தேவையில்லை. தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள். அம்மா கோயிலடிப் பக்கம் தலைகாட்ட முடியாது. ஆனால் அதை மறைப்பது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம் பாதி வேலையைச் செய்துவிடும். கஷ்டம் மற்றதுதான். நான் டீச்சர் என்பது ஹோட்டலில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் என் குடுமி மனேச்சரின் கையில். ஒரு கிழமை வரமாட்டேன் என்று சொன்னால் போதும், பள்ளிக்கூடத்துக்கு ஒரு போன் கோல் எடுக்கட்டுமா என்று கேட்பான். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் கொஞ்சம் கிறுக்குத்தனமானது. நாலு வயதுப் பிள்ளை எழுத்துப் பழக நான் அதன் கையைப் பிடித்துக் கொடுக்கிறேன். அந்தக் கையாக என் கையை அந்த மண்டபத்தில் ஒருவனும் பார்க்கக் கூடாது. ஆட்டத்தை மறைத்தது பிழைப்புக்காக. பள்ளிக்கூடத்தை மறைத்தது எனக்காக.

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பது பெரிய கதை இல்லை. கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஊரே வரிசையில் நின்ற காலத்தில், பாலர் பாடசாலை டீச்சரின் சம்பளம் சவர்க்காரம் வாங்கக் காணாது. அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்திருந்தது. சனி ஞாயிறில் ஹோட்டலில் கட்டில் விரிப்பு மாற்றுகிற வேலை கிடைத்தது. ஒரு ஞாயிறு, கொழும்பிலிருந்து வருகிற ஆட்டக்காரி பெற்றோல் இல்லை என்று வரவில்லை. மனேச்சர் எங்கள் ஐந்து பேரையும் நிறுத்தி வைத்து மேலும் கீழும் பார்த்தான். எனக்கு உயரம் இருந்தது, இடுப்பு இருந்தது, மறுத்துப் பேசத் தைரியம் இருக்கவில்லை. அப்படித்தான்.

ஆட்டம் பகலில். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி ஐந்து மணிக்குள் முடிந்துவிடும். மண்டபத்துக் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புத் திரை இழுத்து விடுவார்கள். வெளியே வெயிலில் கடல் கண்ணைக் குத்திக்கொண்டிருக்கும், உள்ளே விளக்குப் போட்டு இரவு செய்து வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் கட்டாரிலிருந்தும் துபாயிலிருந்தும் லீவில் வந்தவர்கள், கல்யாணத்துக்கு முன் நண்பர்களுக்கு விருந்து வைக்கிறவர்கள். எனக்குத் தேன் நிறத்தில் ஒரு பொய் மயிர், நீல நிறத்தில் இரண்டு கண்வில்லை, முகத்தில் அரை விரல்கடைப் பூச்சு. மும்பாயிலிருந்து வந்தவள் என்று மனேச்சர் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தான். உள்ளூர்க்காரி என்று தெரிந்தால் மதிப்பில்லையாம். அதனால் ஒரே ஒரு கட்டளை: தமிழ் ஒரு சொல்லும் வாயிலிருந்து வரக் கூடாது, விளங்கியதாகவும் காட்டக் கூடாது.

எனக்கு அது நல்லதாகத்தான் பட்டது. தமிழ் தெரியாதவளை ஊரில் யாரும் தேட மாட்டார்கள். என் உடம்பைப் பற்றி என் முன்னாலேயே என் பாஷையில் அவர்கள் பேசியதை இங்கே எழுத மாட்டேன். முதல் மாதம் காது எரிந்தது, பிறகு மரத்துவிட்டது. மரக்காதது வேறு. இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் அவர்கள் வீட்டுக் கதை பேசத் தொடங்குவார்கள். தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமையவில்லை, அம்மாவுக்குச் சீனி வருத்தம், அரபி முதலாளி பாஸ்போட்டைத் தரவில்லை. ஒருவன் அழுதே விட்டான். அவனுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் இல்லை. இடுப்பை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் நான் சொன்ன பொய், வாழைச்சேனையில் ஒரு பியூட்டி பார்லரில் ஞாயிறுகளில் வேலை என்பது. நல்ல பொய் என்று எனக்கே பெருமை. மழித்த புருவத்துக்கும் பூச்சு வாசத்துக்கும் காரணம் கேட்க முடியாது பாருங்கள். கழுத்தில் ஒட்டிய மினுக்கம் திங்கட்கிழமை வரை போகாது. "டீச்சர் மினுங்குறாங்க" என்று பிள்ளைகள் கத்துவார்கள். தேங்காயெண்ணெய் தேய்த்தால் போகும் என்று கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் சென்றது.

பாலர் பாடசாலையில் இரண்டே டீச்சர்கள். மற்றவள் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். எனக்கு இருந்த ஒரே சிநேகிதி என்று சொன்னால் அது கூடக் குறையாகத்தான் இருக்கும். நான் கறி கொண்டு வராத நாளில் அவள் கேட்காமலே தன் சோற்றைப் பிரித்து வைப்பாள். முப்பத்து மூன்று வயது, எனக்கும் அதேதான், இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஆகாததற்குக் காரணம் வீடு. எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு எழுதிக் கொடுக்காமல் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில்தான் இருப்பான். எங்களுக்கு எழுதிக் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. அவளுக்கு வீடு இருந்தது. ரோட்டுக் கரையில், மாபிள் பதித்த நல்ல வீடு. அவளுடைய அப்பா சவூதியில் இருபது வருஷம் லொறி ஓடிக் கட்டிய வீடு. அது முடிந்த வருஷமே அவர் போய்விட்டார். அவளும் அவளுடைய அம்மாவும் அந்த வீடும்தான் மிச்சம்.

சித்திரை முடிந்த கையோடு அவளுக்குச் சம்பந்தம் வந்தது. கட்டாரில் வேலை, நல்ல உயரம், சீதனக் காசு வேண்டாம் என்கிறான், வீடு மட்டும் போதும் என்கிறான். அவள் போனை என் கையில் தந்து முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல முகம்தான். நல்லாத்தான் இருக்கிறார் என்றேன். அவள் அன்றைக்கு முழுக்கப் பிள்ளைகளுக்குப் பாட்டை மாற்றி மாற்றிச் சொல்லிக் கொடுத்தாள். அவளுக்காக நான் சந்தோசப்பட்டேன். கொஞ்சம் எரிச்சலும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். ஆனால் சந்தோசம்தான் கூட.

அதிலிருந்து மூன்றாம் ஞாயிறு அவன் ஹோட்டலுக்கு வந்தான். திரைக்குப் பின்னாலிருந்து பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கூட நாலு பேர். கல்யாணத்துக்கு முன் எல்லா ஆம்பிளைகளும் வருகிறதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் மேசைக்குப் பக்கத்தில் நின்று ஆடவேண்டிய முறை வந்தபோது பாட்டு மாறுகிற இடைவெளி. அவர்கள் பேசியது ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"வீடு அவள்ட பேரிலதான் எழுதுவாங்க. அது அவங்கட ஊர் வழக்கம்," என்றான் அவன். "கட்டின மறுகா என்ட பேருக்கு மாத்தி எடுக்கிறது பெரிய வேலையா? அன்பாக் கதைச்சா கையெழுத்து வச்சிருவாள். வயசு போன குமரு."

"தோஹாவில இரிக்கிறவளுக்குத் தெரியுமாடா?" என்று ஒருவன் கேட்டான்.

"அவள்தானே அனுப்பினது. பிள்ளைக்கும் ரெண்டு வயசாகப் போகுது. வித்துப்போட்டு வாங்க, மூணு பேரும் எங்கயும் போயிருவம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் இரிக்கிறாள்."

பிறகு பெண்ணைக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். அவன் போனை எடுத்தான். பாலர் பாடசாலைக் கலைவிழாவில் எடுத்த படம். பச்சைச் சேலையில் அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற என்னை வெட்டியிருந்தார்கள், ஆனால் சரியாக வெட்டவில்லை. என் தோளும் இடது கையும் அவள் பக்கத்தில் அப்படியே இருந்தன. அதே கை அவன் முகத்துக்கு முன்னால் வளையல் போட்டு வளைந்துகொண்டிருந்தது.

"இவள் பாக்கிறாள்டா," என்றான் ஒருவன்.

"பாக்கட்டும். மும்பாய்க்காரிக்கு என்ன விளங்கப் போகுது." அவன் போனை என் பக்கம் திருப்பினான். "எப்பிடி, நல்லாரிக்காளா?" என்று தமிழில் கேட்டுவிட்டுக் கையால் சைகை காட்டினான்.

நான் சிரித்தேன். பெருவிரலை உயர்த்திக் காட்டினேன். அந்த மேசை முழுக்கச் சிரித்தது.

அந்தப் பெருவிரலை நான் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். முகத்தைத் திருப்பியிருக்கலாம். விளங்காத மாதிரி நின்றிருக்கலாம். சிரிக்கச் சொல்லி யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. பழக்கம், அவ்வளவுதான்.

பஸ்ஸில் வரும்போது மட்டக்களப்பு வரை ஒரே யோசனை. அவளிடம் எப்படிச் சொல்வது. எந்தப் பக்கத்தால் தொடங்கினாலும் இரண்டாவது கேள்வியாக, எங்கே கேட்டாய் என்பது வந்து நிற்கும். பார்லரில் யாரோ சொன்னார்கள் என்றால் யார் என்பாள், அவளுடைய அம்மா அந்த ஆளைக் கூட்டி வா என்பாள். மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவார்கள். அவன் கேட்பான், எந்த ஞாயிறு, எந்த இடம் என்று. அவனுக்குக் கணக்குப் போட எவ்வளவு நேரம் செல்லும்? அந்த மேசைக்கு வெளியே அதைக் கேட்டது நான் ஒருத்திதான். கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். பஸ்ஸால் இறங்கும்போது சொல்வதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

கடைசியில் நான் செய்தது மொட்டைக் கடிதம். எங்கள் பக்கம் கல்யாணம் பேசி ஒப்பேறினால் ஒரு மொட்டைக் கடிதமாவது வராமல் போகாது. பெண்ணுக்கு வலிப்பு இருக்கிறது, மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே குடும்பம் இருக்கிறது, யாருடைய கையெழுத்தும் இருக்காது. நானும் அவளும் அப்படியான கடிதங்களைப் பற்றிப் பேசிச் சிரித்திருக்கிறோம். இப்போது கொப்பித் தாளைக் கிழித்து நான் எழுதினேன். தோஹா என்றோ பிள்ளை என்றோ எழுதக் கை வரவில்லை. அதை எழுதினால் அந்த மேசையிலிருந்து போன கதை என்று அவனுக்கு விளங்கிவிடும். மாப்பிள்ளை சரியில்லை, வீட்டில்தான் கண், வீடு எழுதுகிறதென்றால் நன்றாக விசாரித்து எழுதுங்கள். அவ்வளவுதான் எழுதினேன். மட்டக்களப்பு டவுனில் போய்த் தபாலில் போட்டேன். என்னைக் காப்பாற்றிக்கொண்டு அவளையும் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். இரண்டையும் ஒரே முத்திரையில் அனுப்பப் பார்த்தேன்.

நாலாம் நாள் அவளுடைய அம்மா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு அந்தக் கடிதத்தையே என் கையில் தந்தார். "இஞ்ச பாரு புள்ள, நமக்கும் ஒண்டு வந்திட்டு." மாமியின் முகத்தில் கோபம் இல்லை, ஒரு பெருமைதான் இருந்தது. "வராட்டித்தான் யோசிக்கோணும். நல்ல மாப்பிள்ளை எண்டாத்தானே சனத்துக்கு வயிறு எரியும்."

"ஒருக்கா விசாரிச்சுப் பாத்தா என்ன மாமி?" என்றேன்.

"எல்லாம் விசாரிச்சாச்சு. இனிச் சுணங்கினா இன்னும் ரெண்டு எழுதுவாளுகள். கெதியா முடிச்சிரோணும்."

ஆவணியில் இருந்த கல்யாணம் ஆனிக்கு வந்தது. என் கடிதம் செய்த காரியம் அதுதான். அவள் அந்த நேரம் குசினிக்குள் நின்றாள். வெளியே வந்து எனக்குத் தேத்தண்ணி தந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கம் என்று நினைத்தேன்.

ஒரு கிழமை கழித்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாய் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள், "என்னகா, நீதானே என்னைச் சோடிக்கோணும். பார்லர்காரி நீ இரிக்கக்குள்ள நான் வேறயாளுக்குப் போறதா?" முடியாது என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. பார்லர்க்காரிதானே நான். நானே சொன்ன பொய், ஞாயிறு ஞாயிறாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது.

கல்யாணத்தன்று விடியற்காலை அவளுடைய அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். எனக்குச் சோடிக்கத் தெரியும், அதில் குறை சொல்ல முடியாது, ஒவ்வொரு ஞாயிறும் என் முகத்தில் பழகிய வேலை. அவளுக்கு முகம் கழுவி, ஈரம் ஒற்றி, பூச்சைத் தொட்டுத் தொட்டு வைத்தேன். சாமான் எல்லாம் ஹோட்டலுக்குக் கொண்டு போகிற அதே பெட்டியிலிருந்து. கண் மூடச் சொன்னேன். மூடினாள். மூடிய கண்ணோடு அவள் பேசினாள்.

"அந்தக் கடிதம் நீதானே எழுதின?"

தூரிகை என் கையில் நின்றுவிட்டது.

"பயப்படாத. கண்டதுமே தெரிஞ்சிட்டு. பிள்ளையளுக்குச் சுவரில ஒட்டுற சாட் எழுதுற கை, எவ்வளவு சரிச்சு எழுதினாலும் எனக்குத் தெரியாதா? அம்மாட்டச் சொல்லல்ல. ஆரிட்டயும் சொல்லவும் மாட்டன்."

வெளியே சாமியானாக்காரன் ஏதோ அடித்துக்கொண்டிருந்தான்.

அவள் கண்ணைத் திறந்தாள். ஒரு கண்ணுக்கு மட்டும் மை வைத்திருந்தேன். "ஒண்டு மட்டும் சொல்லுகா. ஏதும் தெரிஞ்சு எழுதினியா, இல்லாட்டிச் சும்மா எழுதினியா? தெரிஞ்சு எழுதினெண்டா, எங்க கேட்ட, ஆரு சொன்னதெண்டு சொல்லு. நான் இப்பயே எழும்பிருவன். சத்தியமா எழும்பிருவன். சனம் என்ன சொன்னாலும் பறவாயில்ல. உன்ட வாயால சொன்னாப் போதும்."

அவள் எழும்பியிருப்பாள். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஒரு கண்ணில் மையோடு வாசலில் போய் நின்று கல்யாணம் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். அப்படிப்பட்டவள். நான் சொல்ல வேண்டியது ஒரு வசனம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆடுகிற இடத்துக்கு அவன் வந்தான். அந்த வசனம் தொண்டை வரை வந்தது. அதற்குப் பின்னாலேயே எல்லாம் வந்தது. அம்மா, கோயிலடிச் சனம், பாலர் பாடசாலைச் சபை, என்னைக் கண்டால் ஓடி வந்து சேலையைப் பிடிக்கிற பிள்ளைகள். இருபத்திரண்டு பிள்ளைகள், அவர்களுடைய தாய்மார்கள் அவர்களை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டு போவது எனக்குக் கண்ணால் கண்ட மாதிரித் தெரிந்தது.

"சும்மாதான் எழுதினன்," என்றேன். "எரிச்சல்ல எழுதினன். உனக்கு ஆகுது, எனக்கு ஆகல்லயே எண்டு. மன்னிச்சிரு."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "எனக்குத் தெரியும்," என்றாள். "உன்ட இடத்தில நான் இருந்தாலும் அப்பிடித்தான் இருந்திருக்கும். உனக்கும் ஒரு நல்லது நடக்கும்கா." அவளுடைய கண் கலங்கிவிட்டது. நான் பஞ்சை எடுத்து ஒற்றி, மை கரையாமல் பார்த்துக்கொண்டேன்.

மணவறையில் நான்தான் தோழி. தாலி கட்டுகிற நேரம் அவளுடைய கொண்டையையும் மாலையையும் நான் தூக்கிப் பிடிக்க வேண்டும். அவன் அடையாளம் கண்டுவிடுவான், அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்துவிடும் என்று நின்றேன். ஒரு பக்கம் அப்படி முடிந்தால் நல்லது என்றும் இருந்தது. அவன் குனிந்து, கயிற்றைச் சுற்றிக்கொண்டு, என் முகத்தை நேராகப் பார்த்தான். "இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க டீச்சர்," என்றான். மரியாதையாகச் சொன்னான். அவனிடம் ஒளிக்க நான் இனி ஒன்றுமே செய்யத் தேவையில்லை, நான் அவ்வளவு நன்றாக ஒளிந்திருந்தேன். தூக்கிப் பிடித்தேன். மூன்று முடிச்சும் போட்டான்.

பிறகு நடந்ததை நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. வேலைக்குப் போகத் தேவையில்லை என்று அவன் சொல்லிவிட்டான் என்று அவள் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றாள். வெளிநாட்டுக்கு இரண்டு பேருமாகப் போக விசா எடுக்க என்று அன்பாகக் கதைத்து வீட்டை மாற்றி எடுத்தான். ஐந்தாம் மாதம் வீடு கைமாறியது அவளுக்கே தெரியாது. வாங்கினவர்கள் வந்து அளந்தபோதுதான் தெரிந்தது. அவன் அதற்கு முந்தின கிழமையே பறந்துவிட்டான். அவளுக்கு அப்போது வயிற்றில் நாலு மாதம். அவளும் மாமியும் வாவிக்கரைப் பக்கம் ஒரு சொந்தக்காரரின் வளவில் தகரக் கொட்டிலுக்குப் போனார்கள். மாமி அந்த வீட்டு ரோட்டால் வருவதை விட்டுவிட்டார். கடைக்குப் போவதென்றாலும் சுற்றித்தான் போவார்.

நான் போய்ப் பார்த்தேன். போகாமல் இருக்க முடியவில்லை. அவள் நிலத்தில் பாயில் இருந்தாள். திட்டவில்லை. அழுததும் இல்லை. மாமி தண்ணீருக்குப் போன பிறகு, மெதுவாகச் சொன்னாள், "நீ எரிஞ்சு எழுதினது பலிச்சிட்டுகா."

அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுப்பாள்? எனக்கு ஒன்றும் தெரியாது, எரிச்சலில் எழுதினேன் என்று நானே என் வாயால் சொன்னேன். ஒன்றும் தெரியாத ஒருத்தி வயிறெரிந்து எழுதியது அப்படியே நடந்தால் அதற்கு எங்கள் ஊரில் ஒரே பெயர்தான். கண்ணூறு. இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இனிச் சொன்னால் அது இன்னும் பெரிய கொடுமையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம், அதே பழைய பயம். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்து இருந்தேன்.

பிள்ளை பிறந்து நாலு மாதத்தில் அவள் திரும்பவும் பாலர் பாடசாலைக்கு வந்தாள். அந்தச் சம்பளத்துக்கு வேறு யாரும் வராததால் இடம் அப்படியே இருந்தது. பெண் பிள்ளை. கூடவே கொண்டு வந்து வகுப்பு மூலையில் சேலையால் ஏணை கட்டிப் போடுவாள். என்னோடு பேசுவாள், ஏன் பேசாமல். பலகையில் எழுதச் சோக்கட்டி எங்கே, பிள்ளைகளைக் கை கழுவ விடட்டுமா, இப்படி. கடிதத்தைப் பற்றி இன்று வரை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. மாமி என்னை இப்போதும் மகள் என்றுதான் கூப்பிடுகிறார். ஆனால் நான் ஏணைப் பக்கம் போனால் அவள் எந்த வேலையில் நின்றாலும் ஓடி வருவாள். வந்து பிள்ளையைத் தூக்கி, அதன் முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொள்வாள். பிள்ளையின் கன்னத்தில் கிடக்கிற கறுத்த பொட்டு நான் இருக்கிற நாளில் பெரிதாக இருக்கும். என் கண் படக் கூடாது. பிள்ளைக்கு யாருடைய மூக்கு என்று இந்த நேரம் வரை எனக்குத் தெரியாது.

நான் இன்னும் ஞாயிறுகளில் போகிறேன். விட்டுவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் அம்மாவுக்கு மருந்து வேண்டும். மண்டபத்தில் யார் என்ன பேசினாலும் நான் இப்போது கேட்பதில்லை. மனேச்சருக்கு இன்னும் நான் கிழமை நாட்களில் சும்மா இருப்பவள்தான். நான் ஒளித்தது எதுவும் வெளியே வரவில்லை. காப்பாற்றி வைத்த பள்ளிக்கூடத்தில், காப்பாற்றி வைத்த டீச்சராக, தினமும் காலையில் அவளுக்கு எதிரே போய் இருக்கிறேன்.

போன மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல். இரண்டு நாள் பால் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் கொண்டு வந்து ஏணையில் போட்டாள், அது அனுங்கிக்கொண்டே கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு நான் கேட்டைத் தாண்டிப் போய்விட்டு, குடையை மறந்துவிட்டேன் என்று திரும்பினேன். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தில் குனிந்து நின்றாள். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடக்கிற இடம் அது. கண் பட்டவளின் காலடி மண்ணை அவளுக்குத் தெரியாமல் எடுத்து, செத்தல் மிளகாயும் உப்பும் சேர்த்துப் பிள்ளைக்குச் சுற்றி நெருப்பில் போட்டால் கண்ணூறு போகும் என்பார்கள். அவள் என் காலடியை மூன்று விரலால் கிள்ளி எடுத்தாள். சேலைத் தலைப்பில் முடிந்தாள். கிணற்றடியில் நான் நின்றதை அவள் காணவில்லை.

குடை எடுக்காமலே திரும்பிவிட்டேன். வீட்டுக்குப் போகும் வரை எனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இரவு முழுக்கப் பிள்ளையின் காய்ச்சல்தான் மனதில் நின்றது.

மறுநாள் காய்ச்சல் இறங்கவில்லை என்று மாமி வாவிக்கரைப் பக்கம் வைத்துச் சொன்னார். விடியப்புறம் தூறியிருந்ததால் பள்ளிக்கூட முற்றத்து மண் ஈரமாக இருந்தது. நான் கேட்டடியிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அவள் வகுப்புக்குள் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். அவள் எடுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று, ஒவ்வொரு அடியையும் மண்ணில் அழுத்தி அழுத்தி வைத்து நடந்து போனேன்.